லேசர் என்ற சொல்லும் நம் முதியோரின் மௌனமும்

நம்மவர்கள் நோய்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் அல்லர். சலரோகம் இன்று எந்த அளவில் நிற்கிறது, பிரஷருக்கு எந்தக் குளிசை, இருதயக் குழாயில் எத்தனை 'ஸ்ரென்ற்' வைத்தார்கள் என்பனவெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியிலும் செத்த வீட்டு முற்றத்திலும் தாராளமாகப் பேசப்படும் செய்திகள். முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் வேட்டியைச் சற்று உயர்த்தித் தழும்பையே காட்டிவிடுவார். ஆனால், அறுபது வயதை எட்டும் ஆண்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவருக்குப் பெருக்கத் தொடங்கிவிடும் ஒரு சுரப்பியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மனைவிக்குக்கூட மறைக்கிறார்கள். சிறுநீர் முற்றாக அடைபட்டு, அடிவயிறு வீங்கி, நள்ளிரவில் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதுதான் வீட்டாருக்கே விடயம் தெரியவருகிறது.

அதன் பின்னர் எல்லாமே அவசரத்தில் நடக்கின்றன. அந்த அவசரத்தில்தான் 'லேசர்' என்ற சொல் வீட்டுக்குள் நுழைகிறது. அந்தச் சொல்லைப் பற்றியும் அதன் பெயரால் நம் குடும்பங்கள் செலவிடும் பணத்தைப் பற்றியுமே இங்கு எழுத விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன்; செய்தி எழுதுபவன். ஆனால் இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விடயமாக எனக்குத் தோன்றவில்லை.

மௌனம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. பிரான்சின் ஜனாதிபதி சார்ள்ஸ் டி கோல் 1964 மார்ச்சில் மெக்சிக்கோவுக்கு அரசமுறைப் பயணம் சென்றபோது உடைக்குள் சிறுநீர்க் குழாயுடனேயே சென்றார். மக்கள் அதனை அறியார். ஏப்ரல் 17ஆம் திகதி சத்திரசிகிச்சை நடந்த பின்னர்தான் நாட்டுக்கே தெரிந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், பிரித்தானிய மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் தமது 75ஆவது வயதில் புரொஸ்டேட் வீக்கத்துக்குச் சிகிச்சை பெறப் போவதாக முன்கூட்டியே அறிவித்தார். அந்த அறிவித்தலைத் தொடர்ந்து பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் இணையத்தளத்தில் இந்நோய் பற்றிய பக்கத்தைப் பார்வையிட்டோர் தொகை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஒரு மன்னர் வாய் திறந்ததும் எத்தனை ஆயிரம் ஆண்கள் இரகசியமாகக் கணினி முன் அமர்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெயரிலிருந்தே நமக்குச் சிக்கல் தொடங்குகிறது. இலங்கைக் கலைச்சொல் வழக்கில் இது முன்னிற்குஞ்சுரப்பி. 'முன்னே நிற்பவர்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். தமிழகத்தில் சுக்கிலச் சுரப்பி என்றும் ஆண்மைச் சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். ஆண்மைச் சுரப்பி என்று பெயர் சூட்டியவர் நல்லெண்ணத்துடனேயே சூட்டியிருப்பார். ஆனால் அதில் கோளாறு என்று எந்த ஆண் வெளியில் சொல்வான்? நான் புரொஸ்டேட் என்றே எழுதுகிறேன்.

சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் வழியைச் சுற்றி மோதிரம் போல் அமைந்தது இச்சுரப்பி. இளவயதில் ஏறக்குறைய 20 கிராம். வயது ஏற ஏறப் பெருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியோரில் பத்துப் பேரில் எட்டொன்பது பேருக்கு இப்பெருக்கம் இருக்கும். உள்ளே இருக்கும் வழி நெருக்குப்படுவதால் சிறுநீர் மெலிந்து, விட்டுவிட்டுப் போகிறது. இரவில் மூன்று நான்கு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே சுரப்பியில் இரண்டும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதால், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவைப் பார்ப்பதும் விரலால் பரிசோதிப்பதும் வழக்கம். இந்த இரண்டாவது பரிசோதனைக்குப் பயந்தே கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்காத பெரியவர்கள் பலர்.

மறைப்பதற்கு அவர்கள் கையாளும் உபாயங்கள் இருக்கின்றனவே! யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போக வேண்டுமென்றால் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் நிறுத்தும் இடங்களில் முதலாவதாக இறங்குபவர்கள் இவர்களே. திருமண மண்டபத்தில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய கதிரையில் அமர்கிறார்கள். கோயில் திருவிழாவில் சுவாமி வெளிவீதி சுற்றிவரும் வரை நிற்க முடியாமல் பாதியில் வீடு திரும்புகிறார்கள். கேட்டால், 'வயதாகிவிட்டது, கால் உளைகிறது' என்பார்கள். வரண்ட பூமியில் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதால் வரும் கேடு வேறு. இந்த நிலையில் தடிமன் என்று கடையில் ஒரு மருந்து வாங்கிப் போட்டுவிட்டால் போதும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் கழுத்தை மேலும் இறுக்கி முற்றாக அடைத்துவிடும். அன்றிரவு ஆஸ்பத்திரி, குழாய், பை.

மறுநாள் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ தொலைபேசி வரும். "அம்மா, அப்பாவுக்கு லேசரே செய்விப்பம். காசைப் பற்றி யோசியாதேங்கோ." இந்தக் குரலில் இருக்கும் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் படுக்கையருகே நிற்க முடியாது. பணத்தைத்தான் அனுப்ப முடியும். ஆகவே இருப்பவற்றுள் விலை கூடியது எதுவோ அதுவே நல்லது என்று மனம் ஆறுதல் கொள்கிறது.

எனது நண்பர் ஒருவரின் தகப்பனார், ஓய்வுபெற்ற ஆசிரியர். எழுபத்தேழு வயது. இருபது வருடத்துக்கு மேலாகச் சலரோகம். சிறுநீர் அடைபட்டதும் கனடாவில் இரண்டு வேலை பார்க்கும் இளைய மகன் பல இலட்சம் ரூபா அனுப்பினார். கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேசர் சிகிச்சை நடந்தது. சிகிச்சை முறையாகவே நடந்தது, வழி திறந்துவிட்டது. ஆனால் சிறுநீர் போகவில்லை. பின்னர்தான் வேறொரு நிபுணர் சொன்னார்: நீண்ட காலச் சலரோகத்தால் சிறுநீர்ப்பையின் நரம்பும் தசையும் தளர்ந்து போயிருக்கின்றன, தள்ளுவதற்குப் பலமில்லாத பைக்கு வாசலை அகலமாக்கி என்ன பயன்? அவருடைய சுரப்பி அப்படியொன்றும் பெரிதாக இருந்ததும் இல்லை. சிறுநீர்ப்பை எவ்வளவு அழுத்தத்துடன் சுருங்குகிறது என்று அளக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் அதைச் செய்து பார்ப்பது முறை. இவருக்கு யாரும் செய்யவில்லை. செய்யச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று வீட்டாருக்கும் தெரியாது. 'லேசர் செய்தும் சரிவரவில்லையே' என்று அந்தத் தாய் இன்றும் சொல்கிறார். லேசரில் குற்றமில்லை. கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே விடை வாங்கப்பட்டுவிட்டது.

லேசர் என்றால் என்ன? ஐன்ஸ்டைன் 1917இல் கோட்பாட்டு அளவில் சொன்னதை வைத்து 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதலாவது லேசர்க் கருவியை இயக்கிக் காட்டினார். ஒரே நிறமுடைய, சிதறாத, குவிந்த ஒளி. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சி உள்ளிருக்கும் சுரப்பியை உருக்கிவிடுகிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தோ முழு மயக்கம் கொடுத்தோ, சிறுநீர் வழியாகவே ஒரு நுண்ணிய கருவியைச் செலுத்தி, அதனூடாக மயிரிழை போன்ற கண்ணாடி நாரை உட்செலுத்தித்தான் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். முடிந்த பின் ஓரிரு நாளாவது குழாய் இருக்கும். 'வெட்டில்லாத சிகிச்சை' என்று விளம்பரம் செய்வது பொய்யன்று. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மின்சாரக் கம்பி வளையத்தால் சுரண்டி எடுக்கும் ரி.யூ.ஆர்.பி. சத்திரசிகிச்சையிலும் வெளியில் வெட்டு இல்லை. அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

வெட்டுள்ள சிகிச்சையின் காலம் வேறு. இந்திய மருத்துவ சேவையில் பல்லாண்டு பணியாற்றிவிட்டு லண்டன் திரும்பிய அயர்லாந்துக்காரர் பீற்றர் பிரேயர், 1900ஆம் ஆண்டு டிசம்பரில் வயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாக விரலால் சுரப்பியைத் தோண்டி எடுத்தார். நம் பாட்டன்மார் காலத்தில் இதுவே பெரிய விடயம். பின்னர் 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் உருவான கருவிகளோடு ரி.யூ.ஆர்.பி. வந்தது, ஏனைய முறைகளை அளக்கும் கோலாக அது இன்றுவரை இருக்கிறது.

லேசரின் வரலாறு அவ்வளவு நேரானதன்று. 1990களின் தொடக்கத்தில் நியோடைமியம் யாக் என்ற லேசரைக் கொண்டு சுரப்பியை வேகவைக்கும் முறை பரபரப்பாகப் பேசப்பட்டது. வெந்த தசை உடனே நீங்காமல் வாரக்கணக்கில் உரிந்து விழுந்தது. நோயாளர் நீண்ட நாள் குழாயுடனும் எரிவுடனும் கிடந்தனர். சில வருடங்களிலேயே அம்முறை கைவிடப்பட்டது. அன்றும் அதன் பெயர் லேசர்தான்.

இன்று வழக்கில் இருப்பவை வேறு வகை. பச்சை ஒளி லேசர் 532 நனோமீற்றர் அலைநீளமுடையது. இரத்தத்தின் சிவப்புப் பொருளால் உறிஞ்சப்பட்டுச் சுரப்பியை ஆவியாக்குகிறது. ஹோல்மியம் லேசர் தண்ணீரால் உறிஞ்சப்படுவது. அரை மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் ஊடுருவாது. இதைக் கொண்டு நியூசிலாந்தின் ரவுரங்கா நகரில் பீற்றர் கில்லிங் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கியது 'ஹொலெப்' என்ற முறை. தோடம்பழத்தின் சுளைகளைத் தோலிலிருந்து விரலால் பிரிப்பது போல, பெருத்த பகுதியை முழுவதுமாக உறையிலிருந்து பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். பிரேயரின் விரல் செய்த வேலையை ஒளி செய்கிறது எனலாம். 100 கிராம், 150 கிராம் என்று வளர்ந்துவிட்ட சுரப்பிகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம். முன்னர் இவர்களுக்கு வயிற்றைத் திறப்பதைத் தவிர வழி குறைவு. அதேபோல், இருதயத்தில் ஸ்ரென்ற் வைத்து இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தப்போக்கு குறைந்த லேசர் முறைகள் உண்மையான நன்மை தருகின்றன. இவ்விரு கூட்டத்தாருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினால் அது நல்ல செலவே.

மற்றவர்களுக்கு? அதாவது 40, 60 கிராம் சுரப்பியுடைய, இரத்தம் சம்பந்தமான சிக்கலில்லாத பெரும்பாலானோருக்கு? பச்சை ஒளி லேசரையும் ரி.யூ.ஆர்.பி.யையும் ஒப்பிட்டு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடத்தப்பட்ட கோலியாத் என்ற ஆய்வு 2014இல் வெளியானது. லேசர் பின்தங்கவில்லை என்பதே அதன் முடிவு, முந்திவிட்டது என்பதன்று. குழாய் எடுப்பதும் வீடு திரும்புவதும் சற்று விரைவாக நடந்தன. பிரித்தானியாவில் ஏழு மருத்துவமனைகளில் 410 ஆண்களை வைத்துத் தூலியம் லேசரை ரி.யூ.ஆர்.பி.யுடன் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் 'லான்செற்' சஞ்சிகையில் வந்தது. நோய்க்குறிகளில் இரண்டும் சமம். மருத்துவமனையில் தங்கிய காலமும் சிக்கல்களும்கூட ஏறத்தாழ ஒன்றே. சிறுநீர் பாயும் வேகத்திலோ பழைய ரி.யூ.ஆர்.பி. சற்று மேலாக நின்றது. ஆய்வை நடத்தியவர்களே புதியது வெல்லும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும்.

விளம்பரங்கள் சொல்லாத வேறு சிலவும் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் செல்வது ரி.யூ.ஆர்.பி. செய்தோரில் பெரும்பாலானோருக்கு நேர்வது. ஹொலெப்பிலும் அதே கதைதான். லேசர் என்பதால் அது தப்பிவிடாது. இது உடலுக்குத் தீங்கற்றது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மனத்துக்குத் தீங்கு. எழுபது வயதில் இதெல்லாம் என்ன என்று வைத்தியரும் பிள்ளைகளும் தாமே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆவியாக்கும் முறையில் சுரப்பி மறைந்துவிடுவதால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பத் துண்டு எஞ்சாது. சுரண்டி அல்லது பிரித்து எடுக்கும் முறைகளில் அனுப்பலாம், மறைந்திருக்கும் புற்றுநோய் சில வேளைகளில் அங்கே தெரியவரும். ஹொலெப்பைக் கைவரச் செய்வதற்கு ஒரு வைத்தியருக்கு இருபதிலிருந்து ஐம்பது வரையிலான சத்திரசிகிச்சைகள் வேண்டும் என்கிறார்கள். கருவியை வாங்குவது ஒரு நாள் வேலை, கை பழகுவது வருடக் கணக்கு.

ரி.யூ.ஆர்.பி.யைக் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. பழைய முறையில் கழுவுவதற்குப் பாவிக்கும் நீர் இரத்தத்தில் கலந்து உப்பின் அளவைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கிய சந்தர்ப்பங்கள் உண்டு. உப்புநீரையே பாவிக்கக்கூடிய இருமுனைக் கருவி வந்த பின்னர் அந்த ஆபத்து பெரிதும் நீங்கிவிட்டது. விலை கூடிய லேசருக்கும் பழைய கம்பி வளையத்துக்கும் நடுவில் இப்படியொரு முன்னேற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. ஆரவாரமான பெயர் இல்லாததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நமது அரச வைத்தியசாலைகளில் இச்சத்திரசிகிச்சை இலவசம். காத்திருப்பு நீளம் என்பதும் உண்மை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் உபகரணமும் இல்லாமல் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை மறந்துவிட முடியாது. மாதக்கணக்கில் குழாயுடன் இருப்பவனுக்கு 'இலவசம்' என்ற சொல் ஆறுதல் தராது. இந்த இடத்தில்தான் புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே பல இலட்சங்களைத் தனியார் மருத்துவமனைகளில் கொட்டுகிறோம். ஹோல்மியம் லேசர் புரொஸ்டேட்டுக்கு மட்டும் உரியதன்று. சிறுநீரகக் கல்லையும் சிறுநீர்க் குழாய்க் கல்லையும் உடைப்பதற்கும் அதே கருவிதான். சிறுநீரகக் கல்லுக்குப் பேர்போன வரண்ட பிரதேசங்களில் ஒரு பொது வைத்தியசாலையில் அப்படியொரு கருவி இருந்தால் முப்பது வயது விவசாயிக்கும் எழுபது வயது ஓய்வூதியருக்கும் ஒருங்கே பயன்படும். பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலை நுழைவாயிலுக்கு வளைவு கட்டும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். ஆனால் கருவியை மட்டும் அனுப்பிப் படம் எடுத்துப் போட்டால் போதாது. கண்ணாடி நார் தேய்ந்து தீரும் பொருள். அரைக்கும் கத்தி மாற்றவேண்டிய பொருள். திருத்துவதற்கு ஆள் வேண்டும். வைத்தியருக்குப் பயிற்சி வேண்டும். இவற்றுக்கு ஐந்து வருடத்துக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், அன்பளிப்புப் பலகையோடு துணி போர்த்தி மூலையில் நிற்கும் கருவிகளின் கூட்டத்தில் இதுவும் ஒன்றாகிவிடும். அத்தகைய கருவிகளைச் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டத்தாருக்குச் சத்திரசிகிச்சையே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாம்சுலோசின் போன்ற குளிசைகள் சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்திச் சில நாட்களிலேயே பலன் தருகின்றன. படுக்கையிலிருந்து சடுதியாக எழும்பினால் தலைசுற்றும். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது இக்குளிசை எடுப்பதைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனெனில் சத்திரசிகிச்சையின் நடுவில் கருவிழித்திரை துவண்டு தொல்லை தரும். மற்றொரு மருந்து பினாஸ்ரரைட். அதன் பிறப்பு சுவையான கதை. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் பெண்பிள்ளைகளாக வளர்க்கப்பட்ட சிலர் பருவமடையும்போது ஆண்களாக உருமாறினார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வு 1974இல் வெளியானது. ஆண் ஹோர்மோனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதியம் அவர்களிடம் குறைவு. அவர்களுடைய புரொஸ்டேட் வாழ்நாள் முழுவதும் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடியதன் விளைவே 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பினாஸ்ரரைட். பலன் தெரிய ஆறு மாதமாகும். பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால் பரிசோதனைக்குப் போகும்போது இதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் முற்றும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று 2003இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

ஆகவே, தொலைபேசியில் 'லேசர்' என்று சொல்லுமுன் பிள்ளைகள் கேட்க வேண்டியவை வேறு. சுரப்பி எத்தனை கிராம்? சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது? சிறுநீர்ப்பையின் தசை வேலை செய்கிறதா? குளிசை கொடுத்துப் பார்த்தாயிற்றா? லேசர்தான் என்றால் எந்த லேசர், ஆவியாக்குவதா பிரித்தெடுப்பதா? செய்யப் போகும் வைத்தியர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? கடைசிக் கேள்வியைக் கேட்டால் வைத்தியர் கோபிப்பார் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். நல்ல வைத்தியர்கள் கோபிப்பதில்லை.

இந்நோயின் கடுமையை அளப்பதற்கு உலகெங்கும் பாவிக்கப்படும் ஒரு வினாத்தாள் உண்டு. ஏழு கேள்விகள், 35 புள்ளிகள். ஏழுக்குள் என்றால் இலேசானது, இருபதைத் தொட்டால் கடுமையானது. இவற்றோடு புள்ளியில் சேராத எட்டாவது கேள்வி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்: இப்போதிருக்கும் இதே நிலையில் மிகுதி வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தால் உமக்கு எப்படி இருக்கும்? இதை அப்பாவிடம், அவர் தனியே இருக்கும்போது, ஒரு மகன் கேட்கலாம். தொலைபேசியிலும் கேட்கலாம்.

சிறுநீர் முதன்முறை அடைபட்டுக் குழாய் போட்டவுடனேயே சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும் என்பதும் இல்லை. தாம்சுலோசின் வகைக் குளிசையைத் தொடங்கி, இரண்டு மூன்று நாளின் பின் குழாயைக் கழற்றிப் பார்ப்பது வழமையான முறை. கணிசமானோர் தாமாகவே சிறுநீர் கழிக்கிறார்கள். அதன் பிறகு ஸ்கான் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கனடாவுக்கு எப்போது நேரம் சரிவரும் என்று பார்த்து, ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம்.